வாசகர் கேள்வி – பதில்: மோட்டர்வேயில் பின்னால் வந்து இடித்தவர்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன. ஆகவே வரி, வீட்டுக்கடன் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, பக்கம் முழுவதையும் இவற்றுக்கே கொடுக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வன இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை.

கேள்வி: சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, உறவினர் வீட்டுப் பூப்புனித நீராட்டு விழா முடிந்து, பிள்ளைகள் இருவரும் பின் இருக்கையில் நித்திரையாகிவிட, எம்25 வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். மேலே இருந்த பலகைகள் 40 என்று காட்டின. முன்னால் வாகனங்கள் தேங்கியிருந்ததால் நானும் வேகத்தைக் குறைத்து, ஏறக்குறைய நின்றுவிட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது பின்னால் வந்த காரின் சாரதி தலையைக் குனிந்தபடி இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இடித்துவிட்டார். ஓரத்தில் ஒதுங்கி இறங்கிப் பார்த்தால், இருபது வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பிள்ளை. “சொறி அக்கா, ஃபோனைப் பார்த்திட்டன்” என்று நடுங்கினார். லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது, இன்சூரன்ஸுக்குப் போனால் அது பறிபோய்விடும், மாமாவின் கராஜில் காசில்லாமல் திருத்தித் தருகிறேன் என்று கெஞ்சினார். மனம் இளகி, தொலைபேசி இலக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை பிடரி பிடித்துக்கொண்டு தலையைத் திருப்ப முடியவில்லை. இப்போது அவர், “நீங்கள் சடுதியாக பிரேக் அடித்தபடியால்தான் இடித்தது, அரைவாசிதான் தருவேன்” என்று வட்ஸ்அப்பில் எழுதுகிறார். எங்கட பிள்ளைதானே, விட்டுவிடு என்கிறார் கணவர். நான் பிரேக் பிடித்தது பிழையா? இனி என்ன செய்வது?
— வாசகி, ஹரோ

பதில்: முதலில் அந்தப் பிள்ளையின் பயத்தைப் பார்ப்போம் சகோதரி, உங்கள் கையைக் கட்டிப் போட்டிருப்பது அதுதான். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் முதல் இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளிகள் பெற்றால் லைசென்ஸ் ரத்தாகும். மறுபடி லேர்னராகத் தொடங்கி எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் எடுக்க வேண்டும். தொலைபேசியைக் கையில் வைத்துப் பாவித்துக்கொண்டு வாகனம் ஓட்டியதற்கான தண்டம் 200 பவுணும் அதே 6 புள்ளிகளும் என்பதால், அவர் நடுங்கியதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் புள்ளி போடும் அதிகாரம் பொலிசாருக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. எந்தக் காப்புறுதி நிறுவனமும் எவருடைய லைசென்ஸிலும் ஒரு புள்ளியும் வைக்க முடியாது. நீங்கள் கிளெய்ம் செய்தால் அவருக்கு வருவது அடுத்த வருடப் பிரிமியம் ஏறுவதும், நோ கிளெய்ம்ஸ் சலுகை ஏதும் இருந்தால் அது குறைவதும்தான். அந்தச் செலவைத் தாங்குவதற்காகத்தான் இந்த நாட்டில் காப்புறுதி இல்லாமல் வாகனத்தை வீதியில் இறக்கவே கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, நீங்கள் பிரேக் பிடித்த கதை. முன்னால் போகும் வாகனம் சடுதியாக வேகம் குறைத்தாலும் நின்றாலும், தான் பாதுகாப்பாக நிறுத்துவதற்குப் போதிய இடைவெளி விட்டே ஓட்ட வேண்டும் என்று ஹைவே கோட்டின் 126ஆம் விதி சொல்கிறது. வேகமான வீதியில் உலர்ந்த நிலத்துக்குக் குறைந்தது இரண்டு வினாடி, ஈர நிலத்துக்கு அதன் இரு மடங்கு என்று அளவும் கொடுத்திருக்கிறது. அந்த விதியை மீறுவது தன்னளவில் குற்றமாகாது என்றாலும், யார்மீது பிழை என்று தீர்மானிக்கும்போது நீதிமன்றம் அதை எடுத்துப் பார்க்கலாம். ஆகவே நீங்கள் சடுதியாகவே பிரேக் பிடித்தீர்கள் என்று வைத்துக்கொண்டாலும் அது அவரைக் காப்பாற்றாது. உங்கள் இடத்திலோ பலகைகளே 40 என்று எச்சரித்துக்கொண்டிருந்தன. மணிக்கு 40 மைல் வேகத்தில் போகும் கார் நிற்பதற்கு ஹைவே கோட் சொல்லும் தூரம் 36 மீற்றர். சாரதி சுதாரிப்பதற்குள் 12 மீற்றர், பிரேக் பிடித்தபின் 24 மீற்றர். அதே வேகத்தில் இரண்டு வினாடி தொலைபேசியைக் குனிந்து பார்த்தால், பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே கார் ஏறக்குறைய 36 மீற்றர் ஓடிவிடும். நிற்பதற்கு இருந்த இடம் முழுவதும், பிரேக்கில் கால் வைக்குமுன்பே தீர்ந்துவிட்டது. அங்கே நடந்தது இவ்வளவுதான்.

பின்னால் இடித்தவர்மீதே எப்போதும் முழுப் பிழையும் விழும் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். முன்னால் இருந்தவர் வேறு லேனிலிருந்து வெட்டி நுழைந்து உடனே பிரேக் பிடித்திருந்தாலோ, அவருடைய பிரேக் விளக்குகள் எரியாதிருந்தாலோ கதை மாறும். காசுக்காக வேண்டுமென்றே பிரேக் பிடித்துப் பின்னால் வருபவரை இடிக்க வைக்கும் கூட்டங்களும் இந்த நாட்டில் உண்டு. அதனால் காப்புறுதி நிறுவனங்கள் எந்தப் பின்மோதலையும் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். வீதியோரத்தில் அவர் நடுங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டது உங்கள் காதுக்குள் மட்டும் இருக்கிறது. ஆகவே கையில் இருப்பதைச் சேருங்கள். நொருங்கிய பம்பரைப் படம் எடுத்திருந்தால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவருடைய காரின் இலக்கத்தகடு ஒரு மூலையில் விழுந்திருக்கக் கூடும். இலக்கம் கிடைத்தால் எந்த நிறுவனத்தில் காப்புறுதி என்பதை மோட்டர் இன்சூரர்ஸ் பியூரோவின் பதிவேட்டிலிருந்து கண்டுபிடிக்கலாம். காப்புறுதியே இல்லாமல் ஓட்டியவர் என்று தெரியவந்தாலும், அதே பியூரோவிடம் நட்டஈடு கேட்க வழி இருக்கிறது. வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், கோபித்துப் பதில் எழுதவும் வேண்டாம். அரைவாசி தருவேன் என்று அவர் எழுதியிருப்பது, அவருடைய கார்தான் உங்கள் காரை இடித்தது என்பதற்கு அவர் கையாலேயே தந்த எழுத்து. நேரம், எந்த ஜங்ஷன், எந்த லேன், பிள்ளைகள் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பவற்றையெல்லாம் இன்றைக்கே ஒரு தாளில் எழுதித் திகதி போட்டு வையுங்கள்.

அதன்பின் உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். கிளெய்ம் செய்தாலும் செய்யாவிட்டாலும் எந்த விபத்தையும் அறிவிக்க வேண்டும் என்பது அநேகமான பொலிசிகளின் நிபந்தனை. தாமதித்தால் அதையே காரணமாக வைத்துக் கழுத்தைப் பிடிப்பார்கள். பொலிஸ் விடயத்தில், விபத்தில் சம்பந்தப்பட்ட சாரதிகள் பெயர், விலாசம், வாகன இலக்கம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும் என்றும், கொடுக்காதவர் 24 மணித்தியாலத்துக்குள் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 170ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கெடு கடந்துவிட்டது. ஆனாலும் உடற்காயம் இருப்பதால் பிந்தியாவது தெரிவிப்பது நல்லது. அவர்கள் விசாரித்தால் அந்தப் பிள்ளைக்குப் புள்ளி விழக்கூடும் என்பதை நான் மறைக்கவில்லை. அது அவர் குனிந்து பார்த்ததற்கு வருவது. நீங்கள் தெரிவித்ததற்கு வருவதல்ல.

கழுத்து நோவு மறுநாள் தெரிந்ததில் புதுமை எதுவும் இல்லை. தலை முன்னும் பின்னும் வெட்டி இழுபடும்போது கழுத்தின் தசைகளும் நாண்களும் நோகின்றன. அந்த நோவு வெளியே தெரியச் சில மணித்தியாலம் எடுக்கலாம். அநேகருக்கு இரண்டு மூன்று மாதத்துக்குள் மாறிவிடுகிறது. கழுத்துப் பட்டி போட்டுக்கொண்டு அசையாமல் படுத்திருப்பதை என்எச்எஸ் பரிந்துரைப்பதில்லை. நோ மருந்து எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல அசைத்துப் பழக்க வேண்டும். கை கால் விறைப்பு, பலக்குறைவு, ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் 111ஐக் கேட்டுக்கொண்டிராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போய்விடுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை ஜீபியிடம் காட்டிப் பதிவில் ஏற்றிவிட வேண்டும்.

காய நட்டஈட்டுக்கு, 2021 மே 31 முதல் ‘ஒஃபிஷியல் இஞ்சரி கிளெய்ம்’ என்ற இலவச இணையவாசல் இருக்கிறது. சட்டத்தரணி இல்லாமல் நீங்களே செய்யலாம். கழுத்துக் காயத்துக்கான தொகை, நோவு எத்தனை மாதம் நீடித்தது என்பதைக் கொண்டு பட்டியலிலிருந்து வருவது: மூன்று மாதத்துக்கு உட்பட்டதற்கு முன்னர் 240 பவுணாக இருந்தது, 2025 மே 31 முதல் நடந்த விபத்துகளுக்கு 275 பவுண். பெருந்தொகை கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். மருத்துவ அறிக்கை எடுக்காமல் கழுத்துக் காயத்தைப் பேசித் தீர்ப்பதையே சட்டம் தடை செய்திருக்கிறது. பிள்ளைகளுக்கு நோவு ஏதும் இருந்தால் அவர்களுடைய கிளெய்ம் இந்த வாசலுக்குள் வராது, அதற்கு மட்டும் சட்டத்தரணியைப் பாருங்கள். உங்களுக்கு மூன்று வருடக் கெடு என்றால், அவர்களுக்கு அது 18 வயதான பின்புதான் ஓடத் தொடங்கும். பிள்ளைகளின் கார் இருக்கைகள் வெளியே கீறல்கூட இல்லாமல் இருந்தாலும் மாற்றிவிட்டு, பற்றுச்சீட்டைக் கிளெய்மில் சேருங்கள்.

கடைசியாக மாமாவின் கராஜ். காப்புறுதிக் கிளெய்ம் மேசையில் நான் பல வருடம் இருந்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இன்றைய கார்களின் பம்பர் வெறும் பிளாஸ்டிக் உறை. இடிபட்டாலும் பெரும்பாலும் தன்பாட்டிலேயே வெளியே வந்து, நிறம் அடித்ததும் புதுசு போலத் தெரியும். அதைக் கழற்றினால் உள்ளே இடியைத் தாங்கும் இரும்புச் சட்டம் வளைந்திருக்கும், பூட் தரை விரிப்பைத் தூக்கினால் தகரம் அலையலையாக மடிந்திருக்கும். அன்பாகத் திருத்திய கார்கள் எத்தனையோ அடுத்த வருடாந்த எம்ஓடிப் பரிசோதனையில் தேறாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். “எங்கட பிள்ளை” என்ற உங்கள் கணவரின் சொல்லை நான் மதிக்கிறேன். அந்த எங்கட பிள்ளைதான் ஒரு மாதத்துக்குள் பிழையை அரைவாசியாக்கி உங்கள் தலையில் வைத்திருக்கிறது.

கேள்வி: இடிபட்ட கார் ஓடாமல் லேன் நடுவிலேயே நின்றுவிட்டால், அதுவும் ஹார்ட் ஷோல்டர் இல்லாத மோட்டர்வேயில், என்ன செய்வது? முக்கோணப் பலகை வைக்க வேண்டுமா?
— வாசகர், ஸ்லவ்

பதில்: முக்கோணப் பலகையை மோட்டர்வேயில் வைக்கவே கூடாது. பாரிஸுக்குக் காரில் போய் வருபவர்கள், பிரான்ஸில் அதைக் காரில் வைத்திருப்பது கட்டாயம் என்பதால், இங்கேயும் அதைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நடையே உயிரை எடுத்துவிடும்.

கார் கொஞ்சமாவது அசையுமானால் அடுத்த வெளிவாசலுக்கோ, சேர்விசஸுக்கோ, செம்மஞ்சள் நிறத் தரையுள்ள அவசர ஒதுக்கிடத்துக்கோ போய்விடப் பாருங்கள். அங்கே நின்றதும் ஹசார்ட் விளக்குகளைப் போட்டு, முடிந்தவரை இடது பக்கக் கதவுகளால் எல்லோரும் இறங்கி, தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். காருக்குப் பின்னால் நிற்கக் கூடாது, சாமான் எடுக்கத் திரும்பியும் போகக் கூடாது. ஒதுக்கிடத்தில் இருக்கும் எஸ்ஓஎஸ் தொலைபேசி நேரே கட்டுப்பாட்டு அறைக்குப் போகும், நீங்கள் நிற்கும் இடமும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அசையாமல் லேனிலேயே நின்றுவிட்டால், அது இடது ஓர லேனாக இருந்து, பாதுகாப்பாக இறங்கலாம் என்றிருந்தால் மட்டும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் போங்கள். இல்லையேல் இருந்த இடத்திலேயே, பெல்ட்டைக் கழற்றாமல், ஹசார்ட் விளக்குகளை எரியவிட்டு 999ஐ அழையுங்கள். அவர்கள் மேலே சிவப்பு எக்ஸ் அடையாளம் போட்டு அந்த லேனை மூடுவார்கள். இறங்கி நின்று பம்பரைப் பார்த்து வாக்குவாதப்படுவதற்கு மோட்டர்வே இடமல்ல. படம் எடுப்பதும் இலக்கம் மாற்றிக்கொள்வதும் தடுப்புக்கு அப்பால் நடக்கட்டும்.

கேள்வி: ஹோல்டரில் பூட்டிய தொலைபேசியில் வழிகாட்டி பார்ப்பதும், கையில் தொடாமல் பேசுவதும் சட்டப்படி சரிதானே?
— வாசகி, ஈஸ்ட்ஹாம்

பதில்: சரிதான், பார்வையை மறைக்காத இடத்தில் பூட்டியிருக்க வேண்டும். ஆனால் பேசிக்கொண்டே போய் யாரையாவது இடித்தால், கையில் தொடவில்லை என்பது உங்களைக் காப்பாற்றாது. கவனயீனமாக ஓட்டியதாக வழக்குப் போடலாம். கையில் எடுத்தால் எதற்காக எடுத்தீர்கள் என்பதும் இப்போது பொருட்டல்ல. விபத்து நடந்த இடத்தைக் காரில் போனபடி தொலைபேசியில் வீடியோ எடுத்த ஒருவர், அது தொடர்பாடல் இல்லை என்ற வாதத்தில் 2019இல் உயர்நீதிமன்றத்தில் வென்றுவிட்டார். அந்த ஓட்டையை 2022 மார்ச் 25 முதல் அடைத்தார்கள். படம் எடுப்பது, பாட்டு மாற்றுவது எல்லாமே இப்போது குற்றம். சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் அப்படித்தான்.

கேள்வி: எம்1இல் என் கார் பின்னால் இடிபட்ட மறுநாளே ஒரு கம்பனி அழைத்து, பிழை உங்களுடையதல்ல, ஒரு சதமும் செலவில்லாமல் உங்கள் காரைப் போலவே ஒரு காரைத் தருகிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்கிறது. போடலாமா?
— வாசகர், லெஸ்டர்

பதில்: நீங்கள் கையெழுத்திடப் போவது இனாமுக்கல்ல, கடனுக்கு. அந்தக் கார் நாள் வாடகைக்குத் தரப்படுகிறது; வாடகை உங்கள் பெயரில் ஏறும்; பிறகு அதை எதிர்த்தரப்புக் காப்புறுதி நிறுவனத்திடம் அறவிட முயல்வார்கள். எதிர்த்தரப்பு ‘இவ்வளவு நாள் தேவையில்லை, இவ்வளவு வாடகை நியாயமில்லை’ என்று மறுத்தால் நீதிமன்றத்தில் சாட்சிக்கு நிற்பவர் நீங்கள், ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளைப் பொறுத்து மிச்சத்துக்குப் பொறுப்பாகக் கூடியவரும் நீங்கள். வேறு கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாதவருக்கு இந்த ஏற்பாடு உதவலாம். வீட்டில் இரண்டாவது கார் சும்மா நிற்கிறவருக்கு இது வம்பு. முதலில் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடமும், பிறகு இடித்தவரின் நிறுவனத்திடமும் மாற்றுக் கார் கேட்டுப் பாருங்கள். பிழையை ஏற்றுக்கொண்ட நிறுவனம் பல சமயம் தானே தரும். உங்கள் பொலிசியில் சட்டச் செலவுக் காப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நீங்கள் கட்டிய எக்ஸஸை, அதாவது கிளெய்மில் உங்கள் கையிலிருந்து போகும் பங்கை, மீட்டெடுப்பது அவர்களுடைய வேலை.

கேள்வி: மற்றவர்கள் இடிபட்டதைப் பற்றி எழுதுவார்கள். இடித்தவன் நான். பின் இருக்கையில் அழுத மகளுக்குப் பால்போத்தலை எடுத்துக் கொடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். முன் காரில் இருந்த வயதான அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்புக் கேட்டது மடைத்தனம், பிழையை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நண்பர்கள் ஏசுகிறார்கள். 14 நாள் கடந்தும் பொலிஸ் கடிதம் எதுவும் வரவில்லை, இனிப் பயமில்லை என்றும் சொல்கிறார்கள்.
— வாசகர், குறொய்டன்

பதில்: நோகும் மனிதரிடம் “மன்னித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஏதும் பட்டதா” என்று கேட்பதற்கு எந்தக் காப்புறுதி நிறுவனமும் தடை போட முடியாது. வெறும் மன்னிப்பு பிழையை ஒப்புக்கொண்டதாகாது என்று 2006ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவும் சொல்கிறது. நிறுவனங்கள் விரும்பாதது, ‘பிழை முழுவதும் என்னுடையது, எல்லாவற்றையும் நான் கட்டுகிறேன்’ என்று அவர்களைக் கேளாமல் வாக்குக் கொடுப்பதை மட்டும்தான். நீங்கள் கேட்டது சரியான மன்னிப்பு.

14 நாள் கணக்கில் உங்கள் நண்பர்கள் பிழைவிட்டிருக்கிறார்கள். வேகக் கமராவில் அகப்பட்டவருக்குப் போல 14 நாளுக்குள் அறிவித்தல் அனுப்ப வேண்டும் என்ற விதி, சாரதிக்குத் தெரிந்தே விபத்து நடந்த இடத்தில் பொருந்தாது. கவனயீனமாக ஓட்டியதற்கான வழக்கைப் பொலிசார் ஆறு மாதத்துக்குள் தொடங்கலாம். அது வராமலும் போகலாம். வந்தால் பெரும்பாலும் ஒரு பயிற்சி வகுப்புடனோ, 100 பவுணும் 3 புள்ளியுமாகவோ முடியக் கூடியதுதான்.

உங்கள் நிறுவனத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், பால்போத்தல் உட்பட. திரும்பிப் பார்க்கவில்லை, முன் கார் சடுதியாக நின்றது என்று எழுதச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த அம்மாவின் காரில் பின்பக்கக் கமரா இருந்திருந்தால், நீங்கள் தலையைத் திருப்பியது அதில் இருக்கும்.